செம்பு தாங்கும், பிசின் தாங்குமா?

கதிர்வீச்சு பாயும் இடங்களில் வேலை செய்யும் ராட்சதக் காந்தங்களின் ஆயுள் அவற்றின் உலோகத்தில் இல்லை. அந்த உலோகத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் இருக்கிறது.

மேல்கோட்டையில் யோக நரசிம்மர் கோயிலுக்கு ஏறும் படிகளில் மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நின்று கீழே பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, ஊருக்குள் கடைகளின்மேல் இழுத்துக் கட்டியிருக்கும் தார்ப்பாய்கள். இன்னொன்று, ஊருக்கு வெளியே தென்னைகளுக்கும் வயல்களுக்கும் நடுவே இருக்கும் பம்ப்செட்டுகள். ராமானுஜர் வாழ்ந்த ஊர், வைரமுடி சேவை நடக்கும் ஊர் என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இவற்றைப் பார்க்க வருவதில்லை. ஆனால் இன்று உலகின் மிகப் பெரிய விஞ்ஞான இயந்திரங்கள் இரண்டைப் பற்றி அவற்றின் பொறியாளர்களுக்கு இருக்கும் கவலையைப் புரிந்துகொள்ள, இந்தத் தார்ப்பாயும் பம்ப்செட்டும் போதும்.

முதலில் தார்ப்பாய். வாங்கியபோது இழுத்தாலும் கிழியாது. ஒரு கோடை போனால் நிறம் வெளுக்கும். இரண்டு கோடை போனால் மடித்த இடத்தில் கீறல் விழும். அதற்கு மேலும் விட்டுவைத்தால் விரலால் அழுத்தினாலே விரல் உள்ளே போய்விடும். யாரும் அதைக் கிழிக்கவில்லை. பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலிகளைப் போன்ற மூலக்கூறுகளால் ஆனது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் அந்தச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டன. அவ்வளவுதான்.

அடுத்தது பம்ப்செட். வோல்டேஜ் ஏறி இறங்கி ஒரு நாள் மோட்டார் நின்றுபோகிறது. ரீவைண்டிங் கடைக்கு எடுத்துப் போனால், கழற்றிப் பார்த்துவிட்டு, "காயில் கருகிடுச்சு" என்பார்கள். உண்மையில் கருகியது செம்புக் கம்பி அல்ல. அதன்மேல் பூசியிருந்த வார்னிஷ். செம்பு அப்படியேதான் இருக்கிறது. எடை போட்டால் நல்ல விலைக்கும் போகும். ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் ஒன்றையொன்று தொடாமல் காத்துக்கொண்டிருந்த அந்த மெல்லிய பூச்சு போனதும் மொத்த மோட்டாரும் வெறும் இரும்பாகிவிட்டது.

வெயில் பட்டு இற்றுப்போகும் பிளாஸ்டிக், உறை போனதும் செத்துப்போகும் மோட்டார். இரண்டையும் ஒன்று சேர்த்தால் கிடைப்பதுதான் ஜெனீவாவிலும் தெற்கு பிரான்ஸிலும் பொறியாளர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிவரும் பிரச்சினை. இரண்டு இடங்களிலும் இந்தியாவின் உழைப்பும் பணமும் இருக்கின்றன.

குளிரில் பிறக்கும் பலம்

சாதாரணக் கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும். அதிகம் ஓடினால் உருகும். அதனால் செம்புச் சுருளை வைத்து எவ்வளவு வலிமையான காந்தம் செய்யலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. சில உலோகங்களை மிக அதிகமாகக் குளிர்வித்தால் மின்தடை முழுவதுமாக மறைந்துவிடும் என்று 1911இல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி காமர்லிங் ஓன்னஸ் கண்டுபிடித்தார். அந்த நிலையில் உள்ள பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர். அதில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் சூடில்லாமல், இழப்பில்லாமல் ஓடும். பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் இத்தகைய காந்தத்துக்குள் படுத்துவிட்டு வந்தவர்கள்தான். அந்த வளையத்துக்குள் திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடப்பது நையோபியம்-டைட்டானியம் கலவைக் கம்பியில் சுற்றிய சுருள்.

ஆஸ்பத்திரிக் காந்தத்துக்குக் கதிர்வீச்சுத் தொல்லை கிடையாது. ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சி மையத்தில் உள்ள எல்.எச்.சி. என்ற பெரிய துகள் மோதல் இயந்திரத்தின் கதை வேறு. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்க வளையத்தில் 1,232 பெரிய வளைவுக் காந்தங்கள் புரோட்டான் கற்றைகளைத் திருப்பிக்கொண்டே இருக்கின்றன. அவை வேலை செய்யும் வெப்பநிலை 1.9 கெல்வின், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 271 டிகிரி செல்சியஸ். ஒவ்வொன்றிலும் 11,000 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடுகிறது.

இந்தக் காந்தங்களின் கேபிள்களைச் சுற்றி வரிந்திருப்பது பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் நாடா. நம் செயற்கைக்கோள்களின் படங்களில் தங்கத் தாள் போலப் பளபளப்பது பெரும்பாலும் இதே பிளாஸ்டிக்தான். ஒரு சுற்று நாடாவின் தடிமன் தலைமுடியின் தடிமனைத் தாண்டாது. வேறு சில காந்தங்களில் கண்ணாடி இழைத் துணியைச் சுற்றி, அதற்குள் எபாக்சி பிசினை ஊற்றி இறுக வைக்கிறார்கள். ரீவைண்டிங் கடையில் வார்னிஷில் முக்குவதன் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த உறைக்கு இரண்டு வேலைகள். முதல் வேலை மின்சாரம் தாவாமல் தடுப்பது. மீக்கடத்தி தன் பாட்டுக்கு ஓடும்போது வோல்டேஜ் என்று ஒன்றும் பெரிதாக இருக்காது. ஏதோ ஓர் இடத்தில் சற்றே சூடேறி மீக்கடத்தி நிலை கலைந்தால், சுருளில் தேங்கியிருக்கும் ஆற்றலை நொடிகளில் வெளியேற்றியாக வேண்டும். அப்போது நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் வோல்டேஜ் எழும்பும். இரண்டாவது வேலை கம்பிகளை அசையாமல் பிடித்துக்கொள்வது. காந்தத்துக்குள் கம்பிகளை ஒன்றையொன்று தள்ளும் விசை பிரம்மாண்டமானது. உறை விரிசல் விட்டால் கம்பி மயிரிழை நகரும். அந்த உராய்வின் சூடே மீக்கடத்தி நிலையைக் கலைக்கப் போதும்.

சிறு பழுதுக்கு எவ்வளவு பெரிய விலை என்பதை 2008 செப்டம்பர் 19 அன்று செர்ன் பார்த்துவிட்டது. முதல் கற்றை சுற்றி 9 நாள்தான் ஆகியிருந்தது. அன்று நடந்ததற்குக் கதிர்வீச்சு காரணமல்ல. இரண்டு காந்தங்களுக்கு இடையே மின் இணைப்பு ஒன்றில் இருந்த குறைதான் காரணம். ஆனால் அந்த ஒரே ஓர் இணைப்பிலிருந்து சுமார் 6 டன் ஹீலியம் சுரங்கத்துக்குள் பீறிட்டது. 53 காந்தங்களை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. இயந்திரம் மறுபடி ஓட 2009 நவம்பர் ஆனது.

வெங்காயமும் காந்தமும்

கதிர்வீச்சின் அளவைச் சொல்ல கிரே என்ற அலகு உண்டு. ஒரு கிலோ பொருளுக்குள் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் ஒரு கிரே. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் குறுகிய நேரத்தில் உடல் முழுவதும் 4 அல்லது 5 கிரே பட்டால், சிகிச்சை கிடைக்காத மனிதர்களில் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள்.

மகாராஷ்டிரத்தில் லாசல்காவ் நிலையத்தில் வெங்காயம் முளைவிடாமல் இருக்கக் கொடுப்பது 60 முதல் 90 கிரே. 2007 முதல் அமெரிக்காவுக்குக் கப்பலேறும் இந்திய மாம்பழங்களுக்குப் பூச்சிகளைக் கட்டுப்படுத்தக் குறைந்தது 400 கிரே. 1974 முதல் டிராம்பேயில் மருத்துவ ஊசிகளையும் தையல் நூல்களையும் கிருமி நீக்கக் கொடுப்பது 25,000 கிரே.

இப்போது காந்தங்களுக்கு வருவோம். எல்.எச்.சி.யில் மிக மோசமான இடத்தில் இருக்கும் காந்தச் சுருள்கள் தம் ஆயுளில் வாங்கக்கூடிய அளவு சுமார் 3 கோடி கிரே என்று கணக்கிட்டார்கள். பிரான்ஸில் கட்டப்படும் ஐட்டர் அணு இணைவு இயந்திரத்தின் முக்கியக் காந்தங்களின் மின்காப்பு தாங்க வேண்டிய அளவு 1 கோடி கிரே. ஒரு கிலோ பிசினில் 1 கோடி கிரே என்றால், கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணீரை முழுவதும் ஆவியாக்கக்கூடிய ஆற்றல். அது ஒரே நாளில் அல்ல, வருடக்கணக்கில் சிறிது சிறிதாக இறங்குகிறது. தார்ப்பாய்க்கும் அப்படித்தான் இறங்கியது.

உள்ளே நடப்பது என்ன? காமா கதிரோ நியூட்ரானோ பிசினுக்குள் பாயும்போது எலக்ட்ரான்களையும் அணுக்களையும் இடித்துத் தள்ளுகிறது. மூலக்கூறுச் சங்கிலிகள் அறுகின்றன. அறுந்த முனைகள் சும்மா இருப்பதில்லை. சில, பக்கத்துச் சங்கிலியோடு போய் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டும் இடங்கள் கூடக்கூடப் பொருள் விறைத்து நொறுங்கும் தன்மையை அடைகிறது. வேறு சில முனைகளிலிருந்து ஹைட்ரஜன் போன்ற வாயுக்கள் பிரிகின்றன. கடுங்குளிரில் இந்த வாயுக்கள் வெளியேற வழியில்லாமல் பிசினுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். பராமரிப்புக்காக இயந்திரத்தை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரும்போது அவை விரிந்து, பிசினை ஊதவைத்து, உள்ளுக்குள் விரிசல் விடவைக்கும். ஓடும்போது தெரியாத நோய் ஓய்வெடுக்கும்போது வெளிப்படுகிறது.

உலோகத்துக்கும் அடி விழாமல் இல்லை. நியூட்ரான்கள் செம்பின் அணுக்களை இடம் மாற்றுகின்றன. அதனால் அதன் மின்தடை கூடுகிறது. ஆனால் செம்பைக் குளிரிலிருந்து அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால் இடம் மாறிய அணுக்களில் பெரும்பாலானவை மறுபடி தம் இடத்துக்கு வந்துவிடும். செம்பு தூங்கி எழுந்தால் தெம்பாகிவிடுகிறது. பிசினுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அறுந்த சங்கிலி அறுந்ததுதான்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசும் டெஃப்லான் வெப்பத்தில் வீரன், கதிர்வீச்சில் பரம ஏழை. சில ஆயிரம் கிரேயிலேயே பொடியாகத் தொடங்கிவிடும். சாதாரண எபாக்சி பல லட்சம் கிரே தாங்கும். பாலிஇமைடு கோடிகளைத் தாங்கும். ரகசியம் மூலக்கூறின் வடிவத்தில் இருக்கிறது. பாலிஇமைடில் பென்சீன் போன்ற வளையங்கள் நிறைய. ஓர் இடத்தில் விழுந்த அடியை வளையம் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவருக்கு வந்த கடனைப் பத்துப் பேர் பங்கு போட்டு அடைப்பது போல.

கண்ணாடி இழையிலும் ஒரு பொறி இருக்கிறது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கண்ணாடி இழையில் போரான் கலந்திருக்கும். நியூட்ரானை விழுங்குவதில் போரானுக்கு நிகரில்லை. கல்பாக்கம் ஈனுலையின் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் போரான் கார்பைடு வைத்திருப்பது அதற்காகவே. ஆனால் விழுங்கிய போரான் அணு உடைந்து ஹீலியம் அணுக்கருவையும் லித்தியம் அணுக்கருவையும் துப்புகிறது. அவை அதிக தூரம் போகாமல் பக்கத்துப் பிசினிலேயே தம் ஆற்றலைக் கொட்டுகின்றன. இழையும் பிசினும் ஒட்டியிருக்கும் இடமே முதலில் விட்டுப்போகிறது. உலையில் ரட்சகனாக இருப்பது இங்கே உள்ளிருந்து அரிக்கும் கரையான். அதனால் இத்தகைய காந்தங்களுக்குப் போரான் இல்லாத கண்ணாடி இழையைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

மோதல் நடக்கும் முனையில்

எல்.எச்.சி.யின் ஆயிரக்கணக்கான காந்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கவலை அதிகமில்லை. இந்தியா செய்து கொடுத்த காந்தங்களும் அந்தப் பாதுகாப்பான கூட்டத்தில்தான் இருக்கின்றன. 1991இல் செர்னுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட இந்திய அணுசக்தித் துறை, 1996 முதல் எல்.எச்.சி. கட்டுமானத்தில் பங்கேற்றது. இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தின் பொறுப்பில் சுமார் 1,800 மீக்கடத்தித் திருத்தக் காந்தங்கள் இங்கிருந்து போயின. பெரிய வளைவுக் காந்தங்களின் நுனியில் உட்கார்ந்து அவற்றின் சிறு பிழைகளைச் சரி செய்வது அவற்றின் வேலை. அந்தப் பெரிய காந்தங்களைத் தாங்கி, மிகத் துல்லியமாக நிமிர்த்தி நிறுத்தும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஜாக்கிகளும் இந்தியத் தயாரிப்புகளே. அவற்றில் ஒரு பகுதி பெங்களூரில் உருவானது.

ஆபத்து இருப்பது வேறு இடத்தில். இரண்டு கற்றைகளும் மோதும் இடத்திலிருந்து 23 மீட்டர் தூரத்தில், இரண்டு பக்கமும், கற்றைகளை ஊசிமுனையாகக் குவிக்கும் காந்தக் கூட்டங்கள் இருக்கின்றன. நொடிக்கு 100 கோடி வரை மோதல்கள். ஒவ்வொரு மோதலிலும் தெறிக்கும் சிதறல்களில் கற்றையின் திசையிலேயே பாய்பவை இந்தக் காந்தங்களில்தான் போய் இறங்குகின்றன. பட்டாசுக் கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களின் நிலைமை.

குவிக்கும் பெரிய காந்தங்களாவது ஓரளவு தாங்கும். அவற்றோடு சேர்ந்திருக்கும் சில திருத்தக் காந்தங்களின் பிசின், இயந்திரத்துக்கு முதலில் திட்டமிட்ட மொத்த மோதல்கள் முடியும் தறுவாயிலேயே கைவிடக்கூடும் என்று செர்ன் பொறியாளர்கள் கணக்கிட்டார்கள். கணக்கைவிட அவர்களைப் பயமுறுத்தியது, அது கைவிடும் விதம். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. மெல்ல மெல்லத் திறன் குறைந்து எச்சரிக்காது. ஒரு நாள் திடீரென மின்காப்பு உடையும், அத்தோடு நீண்ட பழுதுபார்ப்பு. ஆண்டுக்கணக்காகக் கதிர்வீச்சு வாங்கிய காந்தம் தானே கதிரியக்கம் உள்ளதாகிவிடும் என்பதால், பழுதுபார்ப்பவர்கள் அதன் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவும் முடியாது. ஆகவே உடைவதற்கு முன்பே மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள்.

அதுவரை அடியைப் பரப்பிக் கொடுக்கவும் ஒரு வழி உண்டு. கற்றைகள் சந்திக்கும் கோணத்தை அவ்வப்போது மாற்றினால் சிதறல்கள் சுருளின் ஒரே பக்கத்தில் விழுவதில்லை. அப்பளம் ஒரே பக்கம் கருகிவிடாமல் திருப்பித் திருப்பிச் சுடுகிறோமே, அது போல. 2024இல் இயந்திரம் தன் பழைய திட்ட அளவைத் தாண்டியது. காந்தங்கள் அதற்குப் பிறகும் ஓடின. போட்ட கணக்கு பொய்யாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. எச்சரிக்கையாகப் போட்ட கணக்கு என்றுதான் அர்த்தம்.

மாற்றுக் காந்தங்களுக்கும் ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்க ஆய்வுக்கூடங்களும் செர்னும் பகிர்ந்து செய்த அவற்றில் நையோபியம்-டைட்டானியத்துக்குப் பதிலாக நையோபியம்-டின் சுருள்கள். இவை இன்னும் வலிமையான காந்தப் புலம் தரும். சுருளின் உள்வாய் 70 மில்லிமீட்டரிலிருந்து 150 மில்லிமீட்டராக அகன்றிருக்கிறது. அகலமாக்கியதன் ஒரு காரணம், உள்ளே டங்ஸ்டன் கலவைக் கவசம் வைக்க இடம் வேண்டும் என்பது. புதிய இயந்திரம் பழைய திட்டத்தைப் போல் 10 மடங்கு மோதல்களைத் தரவேண்டும். ஆனால் கவசத்துக்குப் பின்னால் உள்ள பிசினுக்கு விழும் அடி பழைய காந்தங்களுக்குக் கணக்கிட்ட அளவிலேயே நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். புதிய பொருளைத் தேடியது பாதி வெற்றி. நடுவே சுவர் எழுப்பியது மீதிப் பாதி.

மாற்ற முடியாத சுருள்

செர்னில் மாற்றுவதற்காவது வழி இருக்கிறது. தெற்கு பிரான்ஸின் கதராஷில் எழும் ஐட்டரில் அதுவும் கடினம். சூரியனுக்குள் நடப்பது போல் ஹைட்ரஜன் இனத்து அணுக்களை இணைத்து ஆற்றல் எடுக்க முடியுமா என்று பார்க்கும் இந்தத் திட்டத்தில் இந்தியா 2005 டிசம்பரில் சேர்ந்தது. 2006 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கட்டுமானத்தில் சுமார் 9 சதவீதம் நம் பங்கு.

அதன் மையத்தில், 15 கோடி டிகிரி சூட்டில் கொதிக்கும் பிளாஸ்மாவைச் சுவர் படாமல் பிடித்துவைக்க, ஆங்கில எழுத்து 'டி' வடிவத்தில் 18 காந்தச் சுருள்கள். ஒவ்வொன்றும் 17 மீட்டர் உயரம், 300 டன்னுக்கு மேல் எடை. ஓடும் மின்சாரம் 68,000 ஆம்பியர். ஜப்பானும் ஐரோப்பாவும் செய்த இவை வளையமாகப் பூட்டப்பட்டு, சுற்றிலும் மற்ற உறுப்புகள் வந்துவிட்டால், ஒன்றை மட்டும் உருவி எடுப்பது நடைமுறையில் இயலாத காரியம். இயந்திரத்தின் ஆயுள்தான் அவற்றின் ஆயுள். இன்னும் சரியாகச் சொன்னால், அவற்றின் பிசினின் ஆயுள்தான் இயந்திரத்தின் ஆயுள்.

இணைவு நடக்கும்போது பிறக்கும் நியூட்ரான்களில் பெரும்பகுதியைக் கவசங்கள் தடுத்துவிடும். தப்பி வருபவை மட்டும், இயந்திரத்தின் ஆயுள் முழுவதும் சேர்த்து, சுருளின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 1-க்குப் பின் 18 சுழியங்கள் போடும் அளவுக்கு வரும் என்று வைத்துத்தான் வடிவமைத்தார்கள். சாதாரண எபாக்சிக்கு அது ஆகாது.

விடை வியன்னாவில் கிடைத்தது. அங்குள்ள அணு ஆய்வு நிறுவனத்தின் சிறிய ஆராய்ச்சி உலையில் பல வகைப் பிசின் துண்டுகளை வைத்துக் கதிர்வீச்சு கொடுத்து, பிறகு திரவ நைட்ரஜன் குளிரில் இழுத்தும் முறித்தும் பார்த்தார்கள். ஒரு முறை, இரண்டு முறை அல்ல, வருடக்கணக்காக. சயனேட் எஸ்டர் என்ற பிசின் மிக நன்றாகத் தாங்கியது. ஆனால் விலை அதிகம். இறுகும்போது சூட்டைக் கக்கும் குணமும் உண்டு. 40 பங்கு சயனேட் எஸ்டரோடு 60 பங்கு எபாக்சி கலந்தால் ஐட்டருக்கு வேண்டிய பலம் கிடைக்கும் என்று சோதனைகள் காட்டின. அந்தக் கலவைதான், கண்ணாடி இழையோடும் பாலிஇமைடு நாடாவோடும் சேர்ந்து, இன்று அந்த ராட்சதச் சுருள்களுக்குள் இருக்கிறது. 2024இல் வெளியான புதிய திட்டப்படி, நியூட்ரான்கள் பெருமளவில் பிறக்கும் உண்மையான இணைவுச் சோதனைகள் 2039இல் தொடங்க வேண்டும். அந்தப் பிசினின் பரீட்சை அன்றைக்குத்தான்.

நமக்கென்ன?

இந்தியாவுக்கு இது தூரத்து ஊர்ச் சமாச்சாரம் அல்ல. ஐட்டர் முழுவதையும் உள்ளே வைத்து மூடும் 3,850 டன் எடையுள்ள வெற்றிடக் கலனைச் செய்தது குஜராத்தின் ஹஜீராவில் உள்ள எல் அண்ட் டி ஆலை. அதன் கடைசிப் பகுதி 2020 ஜூனில் அங்கிருந்து கிளம்பியது. காந்திநகர் அருகே பாட் கிராமத்தில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில், 16 மீக்கடத்திச் சுருள்கள் கொண்ட எஸ்.எஸ்.டி.-1 இயந்திரம் 2013இல் முதல் பிளாஸ்மாவைக் கண்டது. கொல்கத்தாவில் மீக்கடத்திக் காந்தம் கொண்ட சைக்ளோட்ரான் கட்டப்பட்டது.

எஸ்.எஸ்.டி.-1இல் எரிவது சாதாரண ஹைட்ரஜன். நியூட்ரான் தொல்லை இல்லை. எனவே அதன் பிசினுக்கு இந்தப் பரீட்சையும் இல்லை. ஆனால் இணைவிலிருந்து நிஜமாகவே மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றை என்றாவது இந்தியா கட்டினால், அது நாள் முழுவதும், வருஷம் முழுவதும் எரிய வேண்டும். ஐட்டர் அவ்வப்போது எரிந்து அணையும் அடுப்பு என்றால், மின்நிலையம் கல்யாண வீட்டு அடுப்பு. அதன் காந்தங்களின் மின்காப்பு ஐட்டரைவிடப் பல மடங்கு அடி தாங்க வேண்டும், அல்லது கவசம் அத்தனை தடிமனாக வேண்டும். கவசம் தடிமனானால் காந்தம் பெரிதாகும். காந்தம் பெரிதானால் செலவு ஏறும். கடைசியில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையில் இந்தப் பிசினுக்கும் பங்கு உண்டு.

இதற்கு வேண்டிய துண்டுகள் நாட்டில் அங்கங்கே இருக்கின்றன. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் வேதியியலாளர்கள் ராக்கெட் பாகங்களை மனதில் வைத்து சயனேட் எஸ்டர் பிசின்களை ஆராய்ந்தார்கள். 2001இல் அந்தத் துறையைப் பற்றி விரிவான ஆய்வுத் தொகுப்பும் வெளியிட்டார்கள். கோபால்ட்-60 கொண்ட காமா அறைகளை அணுசக்தித் துறையே தயாரித்து ஆய்வுக்கூடங்களுக்குத் தருகிறது. டிராம்பேயில் 1985 முதல் துருவா உலை இருக்கிறது. பிசின் தெரிந்தவர்களும் கதிர்வீச்சு தெரிந்தவர்களும் காந்தம் தெரிந்தவர்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியதுதான் பாக்கி.

உட்கார்ந்தாலும் குறுக்குவழி கிடையாது. இந்தத் துறையில் கணக்குப் போட்டு விடை சொல்ல முடிவதில்லை. ஒரே பெயரில் விற்கும் இரண்டு பிசின்கள், இறுக வைக்கச் சேர்க்கும் மருந்து மாறினாலே வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். செர்ன் 1979 முதலே ஒவ்வொரு கேபிள் உறையையும் பிசினையும் சோதித்து, எது எவ்வளவு தாங்கியது என்று தொகுதி தொகுதியாக அச்சிட்டு வைத்தது அதனால்தான். கடுங்குளிரிலேயே வைத்துக் கதிர்வீச்சு கொடுக்கும் வசதி உலகிலேயே அபூர்வம். அப்படி ஒன்று இருந்த ஜெர்மனியின் கார்ஷிங் பழைய ஆராய்ச்சி உலை 2000இல் மூடப்பட்டது. சோதித்து, உடைத்து, எழுதிவைத்து, மறுபடி சோதிப்பது விளம்பரம் கிடைக்காத வேலை. ராட்சதக் கலன் கப்பலேறும்போது கொடி அசைக்க அமைச்சர் வருவார். உடைந்த பிசின் துண்டுக்கு யாரும் வரமாட்டார்கள்.

மேல்கோட்டையில் பங்குனி வந்தால் வைரமுடி உற்சவம். வெளியூர்க் கூட்டம் குவியும். கடை வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னால் தலைக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார்கள். தார்ப்பாய் இன்னும் கிழியவில்லைதான். ஆனால் வெளுத்திருக்கிறது, தொட்டால் மொறமொறக்கிறது. கிழிந்த பிறகு மாற்றுவதைவிட இப்போதே மாற்றிவிடலாம் என்று புதியது வாங்கிக் கட்டுவார்கள். செர்ன் எடுத்த முடிவும் இதுதான். தலைக்கு மேலே கட்டிய தார்ப்பாயை ஒருபோதும் கழற்ற முடியாது என்றால் கடைக்காரர் என்ன செய்வார்? வாங்கும்போதே பத்துக் கடை ஏறி இறங்கி, இழுத்துப் பார்த்து, முறுக்கிப் பார்த்து, வெயிலில் காயப்போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். இணைவு மின்சாரம் வேண்டும் என்கிற நாட்டுக்கும் அதைத் தவிர வேறு வழியில்லை.